வலது முட்டையில் எங்கள் வீடு

மைதா மாவில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசையின் வாடை, பஸ் நிலையத்துச் சுவரில் யாரோ சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருக்கும்போது என் மூக்கில் ஏறினால்கூடப் போதும், நான் அந்த இடத்திலேயே பதினைந்து வயதுப் பெண்ணாகிவிடுவேன். முதலில் வெட்கம் வரும், அது கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போன பிறகுதான் சந்தோஷம் வரும். ஒரே பசைக்குள் இரண்டும் எப்படி வந்தன என்று கேட்டால், பத்தாம் வகுப்பில் 'சார்பு' என்ற பாடத்தை நாங்கள் படித்த கதையைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கணக்கு என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், எனக்கும் கணக்கு வராது.

அப்போது கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகவில்லை. நோட்டு அட்டையில் 'தென்னாற்காடு மாவட்டம்' என்று வளைத்து வளைத்து எழுதுவோம். கச்சிராயபாளையத்தில் எங்கள் அப்பா குத்தகைக்கு எடுத்த நிலத்தில் கரும்பும் நெல்லும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார், நான் தினமும் டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சியிலிருந்த பெண்கள் பள்ளிக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். ஆடி மாதத்தில் எங்கள் கணக்கு டீச்சர் மாற்றலாகிப் போனார், அவருக்குப் பதில் வர வேண்டியவர் கடைசிவரை வரவில்லை. வகுப்பு இரைச்சல் தாங்காமல் தலைமையாசிரியை கொண்டுவந்து உட்காரவைத்தது தையல் டீச்சரை.

நல்ல மனுஷி. முதல் நாளே உண்மையைச் சொல்லிவிட்டார். "இதோ பாருங்கடி, எனக்கு ஊசியில நூலு கோக்கத் தெரியும், காஜா எடுக்கத் தெரியும். கணக்கு நீங்களே படிச்சிக்கினு எனக்கும் சொல்லுங்க. சத்தம் மட்டும் வரக்கூடாது."

அப்படியாகத்தான் நாங்கள் சார்பைப் படித்தோம். f(x) = 2x + 1 எனில் f(3) காண்க என்று முதல் கணக்கு. அடைப்புக்குறி என்றால் பெருக்கல் என்று ஆறாம் வகுப்பிலிருந்து எங்களுக்கு அடித்துச் சொல்லியிருந்ததால் எஃப்பையும் மூன்றையும் பெருக்கி 3f என்று விடை எழுதினோம். முப்பத்தெட்டுப் பேரும் ஒரே மாதிரி எழுதியிருந்ததைப் பார்த்த டீச்சர், இத்தனை பேர் தப்பாக எழுத முடியாது என்ற நியாயத்தில் எல்லோருக்கும் சரி போட்டார். நானும் அதைப் பெருமையாக வீட்டில் காட்டினேன்.

அது தப்பு என்று கண்டுபிடித்தவள் சின்னப்பொண்ணு. வெள்ளிமலைக்கு மேலே, பஸ் போகாத ஒரு ஊரிலிருந்து வந்து ஆஸ்டலில் தங்கிப் படித்தவள். பேசினால் காசு கேட்பார்களோ என்பதுபோல் அளந்து பேசுவாள். புத்தகத்தின் பின்பக்கத்து விடையில் 7 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் முழுக்க யோசித்து, மறுநாள் சொன்னாள்: "உள்ள இருக்கறது கேள்வி, வெளிய வர்றது பதிலு. மூணக் கேட்டா இன்னா சொல்லும்? ரெண்டால பெருக்கி ஒண்ணு சேத்து, ஏழுன்னு சொல்லும். நாம எஃப்ப புடிச்சிப் பெருக்கிக்கினு இருந்தோம்."

அதற்குப் பிறகு பாடம் வழிக்கு வந்தது. புத்தகத்தில் பக்கம் பக்கமாக இரண்டு முட்டை வரைந்து, இடது முட்டையிலிருந்து வலது முட்டைக்கு அம்புகள் விட்டிருந்தார்கள். இடது முட்டைக்கு மதிப்பகம் என்று பெயர், வலது முட்டைக்குத் துணை மதிப்பகம் என்று பெயர், அம்பு வந்து குத்திய உறுப்புகளை மட்டும் தனியே எடுத்தால் அது வீச்சகம். நாங்கள் படித்துச் சொல்லச் சொல்ல, காஜா எடுத்துக்கொண்டிருந்த டீச்சர் திடீரென்று சட்டையை மேசைமேல் விரித்தார். இடது பக்கம் பொத்தான்கள், வலது பக்கம் காஜாக்கள். எந்தப் பொத்தானும் சும்மா தொங்கக்கூடாது, ஒரு பொத்தான் இரண்டு காஜாவில் நுழையவும் முடியாது. ஆனால் காஜா ஒன்று காலியாகக் கிடந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அது துணை மதிப்பகத்தில் இருக்கும், வீச்சகத்தில் இருக்காது, அவ்வளவுதான். இரண்டு பொத்தானை ஒரே காஜாவில் திணிக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். "சட்டைக்கு ஒத்து வராதுடி, உன் கணக்குக்கு ஒத்து வருதான்னு புக்குல பாரு" என்றார் டீச்சர். பார்த்தோம், ஒத்து வந்தது. அன்றைக்கு டீச்சர் முகத்தில் இருந்த சிரிப்பை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மார்கழியில் 'இன்ஸ்பெக்‌ஷன்' வருகிறது என்று பள்ளிக்கூடமே வெள்ளையடித்துக்கொண்டது. வகுப்புக்கு ஒரு சார்ட் ஒட்ட வேண்டும். கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற ஒரே தகுதியில் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இடது முட்டையில் எங்கள் வகுப்பு முப்பத்தெட்டுப் பேர், வலது முட்டையில் எங்கள் ஊர்கள், நடுவில் கலர் கலராக அம்பு. ஆளாளுக்கு ஊரைக் கத்தினார்கள், நானும் இழுத்துக்கொண்டே வந்தேன். சின்னப்பொண்ணுவின் முறை வந்தபோது அவள் மலை ஊரின் பெயரைச் சொன்னாள், கொஞ்சம் தயங்கி, "மூணு மாசம் குடகு" என்றும் சொன்னாள். தை பிறந்தால் அவள் ஊரிலிருந்து குடும்பம் குடும்பமாக லாரி ஏறிக் குடகுப் பக்கம் மிளகு பறிக்கப் போவார்கள் என்பது எங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். கச்சிராயபாளையம் வழியாகத்தான் அந்த லாரிகள் போகும். நான் இரண்டு அம்பும் விட்டேன்.

மறுநாள் இன்ஸ்பெக்‌ஷன் என்னும்போதுதான் உறைத்தது. ஒரே பொத்தானுக்கு இரண்டு காஜா! 'எங்கள் வகுப்பு ஒரு சார்பு' என்று மேலே அரை அடி உயரத்துக்குத் தலைப்பு எழுதியிருந்தேன். கைடைப் புரட்டினேன், அதிலேயே வழி இருந்தது: மதிப்பகத்திலிருந்து அந்த உறுப்பை நீக்கிவிட்டால் அது சார்பாகும். உடனே சார்ட்டின் ஓரத்தில் ஒரு துண்டு கத்தரித்து, ஆஸ்டல் சமையல்கட்டில் காய்ச்சிக் கொடுத்த பசையைத் தடவி, சின்னப்பொண்ணு என்ற பெயரின் மேல் ஒட்டினேன், இரண்டு அம்புகளையும் அதே மாதிரி மறைத்தேன். ஒட்டியது தெரியாத அளவுக்குச் சுத்தமான வேலை. கணக்கு சரியாகிவிட்டது என்று எனக்கு அத்தனை நிம்மதி, அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது.

அதிகாரி வந்தார், சார்ட்டைப் பார்த்து "குட்" என்றார், போனார். இரண்டு நாளில் பசை காய்ந்து துண்டின் மூலை சுருண்டுகொண்டது. சின்னப்பொண்ணு அதை நகத்தால் தூக்கிப் பார்த்ததை நானும் பார்த்தேன். அவள் என்னிடம் வந்தாள்.

"என்னை எடுத்துட்டா கணக்கு சரியாயிடுதா?"

"சரியாயிடுது" என்றேன்.

"அப்ப சரி" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன். அவள் நிஜமாகவே கணக்கைப் பற்றித்தான் கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த நாள் காலையில் அவள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். இடது முட்டையில் பன்னிரண்டு தமிழ் மாதங்கள். வலது முட்டையில் ஆஸ்டல், மலை, மிளகுத் தோட்டம் என்று மூன்று இடம். "நான் எத்தினி எடத்துல இருந்தாலும் ஒரு மாசத்துக்கு ஒரு எடந்தான். இது சார்புதானே?" என்றாள்.

குற்றமுள்ள நெஞ்சு சும்மா இருக்குமா, நான் குறை கண்டுபிடித்தேன். "தை மாசம் பொங்கல் வரைக்கும் மலையில இருப்ப, அப்பால லாரி ஏறுவ. ரெண்டு அம்பு வருதே?"

அவள் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மலையில் அவர்கள் விதைக்க நாள் பார்ப்பதும், சந்தைக்கு இறங்குவதும், திரும்பி வருகிறேன் என்று தவணை சொல்வதும் எல்லாம் பௌர்ணமி, அமாவாசை கணக்கில்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. ரப்பரை எடுத்து அம்புகளை மட்டும் அழித்தாள். ஒவ்வொரு மாதப் பெயரின் பக்கத்திலும் 'பௌர்ணமி' என்று எழுதினாள். "பௌர்ணமி அன்னிக்கி எங்க இருக்கேன்னு கேளு. ஒரு எடத்துலதான் இருப்பேன்" என்றாள். ஆனி முதல் மார்கழி வரை ஏழு பௌர்ணமியும் ஆஸ்டலுக்குப் போயின. தை, மாசி, பங்குனி மூன்றும் மிளகுத் தோட்டத்துக்கு. சித்திரையும் வைகாசியும் மலைக்கு. ஒன்றும் விட்டுப்போகவில்லை, ஒன்றும் இரட்டிக்கவில்லை. முப்பத்தெட்டுப் பேரும் சேர்ந்து உருட்டிய பாடத்தில் அதைவிடச் சுத்தமான சார்பு யாரும் போடவில்லை. கீழே புத்தகத்தில் இருப்பதுபோலவே எழுதியும் இருந்தாள்: f(தை) = தோட்டம், f(மாசி) = தோட்டம், f(பங்குனி) = தோட்டம்.

அந்தக் கடைசி வரியை நான் திரும்ப ஒரு முறை படித்தேன். பங்குனியில் எங்களுக்கு அரசுத் தேர்வு.

ஒன்பதாவது வரை அவள் முழுப் பரீட்சைக்கு இல்லாவிட்டாலும் அரைப் பரீட்சை மார்க்கைப் பார்த்து மேலே அனுப்பிவிட்டார்கள். பத்தாவதில் அது நடக்காது. "பரீட்சைக்கு இன்னாடி பண்ணுவ?" என்று கேட்டேன். அவள் தங்கை வள்ளிக்கு மூன்று வயது. அம்மா மிளகுக் கொடியில் ஏணி வைத்து ஏறினால் கீழே குழந்தையைப் பார்த்துக்கொள்ள இவள் வேண்டும். ஆஸ்டலில் இவள் தங்கலாம், வள்ளி தங்க முடியாது. "எங்க அப்பாவும் பாவம், இன்னா பண்ணுவாரு" என்று அவளே சொல்லிவிட்டாள். நான் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா அடுப்படியில் கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். தாளை அடுப்பு வெளிச்சத்தில் பிடித்து, இது பௌர்ணமி, இது இடம், இந்த அம்புதான் பரீட்சை மாசம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சார்ட்டில் பெயரை மறைத்ததையும் சொன்னேன். அம்மா திட்டவில்லை, களியை இறக்கி வைத்துவிட்டு வலது முட்டையில் விரலை வைத்தாள்.

"இதுல ஏன் நம்ம வூடு இல்ல?"

"அவ நம்ம வூட்டுக்கு வர்றதில்லையேம்மா."

"வராத எடத்த எழுதக் கூடாதா?"

எழுதலாம். அம்பு வராத உறுப்பு வலது முட்டையில் எத்தனை இருந்தாலும் சார்புக்கு ஒன்றும் ஆகாது, காலியான காஜா மாதிரி. அதை நான் பரீட்சைக்காக உருப்போட்டிருந்தேன், அர்த்தம் அந்த நிமிஷம்தான் புரிந்தது. தோட்டத்துக்குக் கீழே 'எங்கள் வீடு, கச்சிராயபாளையம்' என்று எழுதினேன். அப்பா சாப்பிட வந்தபோது அம்மா விஷயத்தைச் சொன்னாள். "மலைக்காரப் புள்ளைங்கள வூட்ல வெச்சிக்கினா தெருவுல நாலு பேரு பேசுவாங்களே" என்றார் அப்பா. "பேசறவங்க பேசிக்கினு போவட்டும், நம்ம வூட்டு ஒலையா கொறையப் போவுது" என்றாள் அம்மா. அப்பா மேற்கொண்டு பேசவில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சம்மதம்.

பொங்கல் விடுமுறைக்கு முன் சின்னப்பொண்ணுவிடம் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். புதிதாக எழுதியிருந்ததைப் படித்தாள். "எங்க அப்பா ஒத்துக்க மாட்டாரு" என்றாள். ஆனால் தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு மலைக்குப் போனாள்.

பொங்கல் கழிந்து ஐந்தாம் நாள் காலையில் லாரி வந்தது. பாய், பானை, கால் கட்டிய இரண்டு கோழி, அவற்றின் நடுவே மனிதர்கள். எங்கள் ஊர் டீக்கடை முன் நின்றதும் அம்மா வயலுக்குப் போகிற கோலத்திலேயே விறுவிறுவென்று போனாள், பின்னாலேயே நான். பின்பலகையைப் பிடித்துக்கொண்டு சின்னப்பொண்ணு நின்றாள், பக்கத்தில் இடுப்பில் வள்ளியோடு அவள் அம்மா. கீழே இறங்கி நின்ற அவள் அப்பாவிடம் என் அம்மா நேராகக் கேட்டாள்.

"அண்ணா, பொண்ண பரீட்சை எழுத வுடுங்க. சின்னதையும் சேத்து நான் பாத்துக்கறேன். தெருக்கோடியில பால்வாடி இருக்குது, எங்க கடைசிப் பையனும் அங்கதான் போறான். அவனோட இதுவும் இருக்கட்டும்."

அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துத் திரும்பவும் போட்டார். "உங்களுக்கு இன்னாத்துக்குங்க அம்மாந் தொந்தரவு. யாரு எவருன்னுகூட எங்களத் தெரியாது."

"அதான் இப்ப தெரிஞ்சிக்கினமே."

முன்னாலிருந்து, ஆள் கூட்டிப்போகிற மேஸ்திரி ஆரன் அடித்தார். நேரமாகிறது என்று கத்தினார். சின்னப்பொண்ணுவின் அப்பா லாரியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அந்தத் துண்டுக் காகிதத்தை ஒட்டிய கை என்னுடையது, இந்த லாரி கிளம்பிவிட்டால் நான் ஒட்டியது நிஜமாகிவிடும். அப்போது சின்னப்பொண்ணுவின் அம்மா யாரையும் கேட்கவில்லை. இடுப்பிலிருந்த வள்ளியை அப்படியே தூக்கிப் பின்பலகைக்கு மேலாக என் அம்மாவின் கையில் இறக்கினாள். வள்ளி வீறிட்டு அழுதாள். "எறங்கு" என்று பெரிய மகளைப் பார்த்து ஒரே வார்த்தை சொன்னாள். லாரி நகரும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சின்னப்பொண்ணுவின் அப்பா ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

மூன்று மாதம் எங்கள் வீட்டில் இரண்டு உருப்படி கூடுதலாக இருந்தது. தெருவில் பேசத்தான் பேசினார்கள். தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி குடத்தைத் தள்ளி வைத்தாள். மறுநாள் அம்மா சின்னப்பொண்ணுவையே குடத்தோடு முன்னால் நிறுத்தி, பின்னால் தானும் நின்றாள். வள்ளி முதல் வாரம் அழுதாள், இரண்டாம் வாரத்தில் என் தம்பியை அடித்தாள், மூன்றாம் வாரம் என் அம்மாவையும் அம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். தைப் பௌர்ணமியன்று சின்னப்பொண்ணு அந்தத் தாளை எடுத்து ஓர் அம்பை அழித்து எங்கள் வீட்டுக்கு இழுத்தாள். மாசிக்கும் அப்படியே. முன்கூட்டி வரைய மாட்டாள்; அந்தந்தப் பௌர்ணமி வந்தால்தான்.

பங்குனிப் பௌர்ணமி பரீட்சைக்கு நடுவில் வந்தது. காலையில் டவுன் பஸ்ஸுக்கு நின்றபோதே தாளை என் முதுகில் வைத்து வரைந்துவிட்டாள். f(பங்குனி) = கச்சிராயபாளையம். எனக்கு அழுகை வந்துவிட்டது. "கணக்குப் பரீட்சைக்கு முன்னாடி அழுவாதடி, படிச்சது மறந்துடும்" என்றாள். அன்று சார்பில் ஐந்து மார்க் கேள்வி வந்தது. பரீட்சை முடிந்து வகுப்புக்குள் போய், சுவரில் இருந்த சார்ட்டிலிருந்து நான் ஒட்டிய துண்டுகளை அவளே உரித்தாள். மைதாப் பசை லேசில் விடுமா, பாதிப் பெயர் துண்டோடு போய் 'பொண்ணு' மட்டும் மிஞ்சியது. சிவப்பு ஸ்கெட்ச்சில் முன்னால் 'சின்னப்' என்று எழுதினாள். இரண்டு அம்பும் மறுபடி வெளியே வந்துவிட்டதால், தலைப்பிலிருந்த 'ஒரு சார்பு' என்பதை நான் அடித்துவிட்டு 'எங்கள் வகுப்பு' என்பதை மட்டும் விட்டுவைத்தேன். அவள் தேறினாள். கணக்கில் என்னைவிடப் பதினொரு மார்க் அதிகம் என்பதை இப்போதும் சொல்லிக்காட்டுவாள்.

பிறகு நர்ஸுக்குப் படித்து, கல்வராயன் மலையிலேயே ஊர் ஊராக நடந்து தடுப்பூசி போட்டு, ஓய்வும் பெற்றுவிட்டாள். வெள்ளிமலையில் சின்னதாக வீடு கட்டியிருக்கிறாள். எங்கள் இருவர் கையிலும் செல்போன் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு பௌர்ணமியன்றும் காலையில் கூப்பிடுவாள். நலமா, சாப்பிட்டாயா எல்லாம் அப்புறம், முதல் கேள்வி, "இன்னிக்கி எங்க இருக்கற?"

இப்போது பள்ளிகளில் தையல் வகுப்பு இருக்கிறதா என்று தெரியவில்லை. எங்கள் டீச்சர் இல்லை. அம்மாவும் அப்பாவும் இல்லை. கச்சிராயபாளையத்து வீட்டை அண்ணன் தம்பிகள் பிரித்து விற்றார்கள், போன வருஷம் இடித்தும்விட்டார்கள், அந்த அடுப்படி இருந்த இடத்தில் உரக்கடை வரப்போகிறது. என் வீட்டுக்காரர் போன பிறகு நான் இரண்டு மாதம் ஓசூரில் மகனோடு, மூன்று மாதம் புதுச்சேரியில் மகளோடு என்று பையும் கையுமாகத் திரிகிறேன். சென்ற பௌர்ணமியன்று அவள் வழக்கம்போல் கேட்டபோது எனக்கு என்னவோ போலிருந்தது. "பஸ்ஸுல இருக்கேன். எனக்குன்னு எழுதிக்க ஒரு எடமே இல்லடி" என்றேன்.

 

"உன் வலது முட்டையில எங்க வூட்டையும் எழுதி வெச்சிக்க. அம்பு வர்றப்ப வரட்டும்" என்றாள்.

புதுச்சேரியில் இறங்கியதும் பேத்தியின் கணக்கு நோட்டில் ஒரு தாள் கிழித்து எழுதி வைத்துக்கொண்டேன். வருகிற பௌர்ணமி புதன்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை வெள்ளிமலை பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன்.